வெள்ளச்சி துரத்திய குஞ்சு

கொல்லைப்புறக் கூடையில் வெள்ளச்சி என்ற கோழி அடை காத்தது. அந்த வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவை எல்லாம் இட்ட முட்டைகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் வெள்ளச்சிக்கு அடை வைத்திருந்தார்கள்.

இருபத்தோராம் நாள் ஐந்து குஞ்சுகள் பொரிந்தன. நான்கு வெளிர் மஞ்சள். ஒன்று மட்டும் மண் நிறம், முதுகில் கறுப்புக் கோடு.

வெள்ளச்சிக்கு முகம் சுண்டிப்போனது. உடம்பெல்லாம் வெள்ளை என்று அதற்கு ஏகப்பட்ட மிதப்பு!

"சீ! இது என் பிள்ளையே இல்ல!" என்று மண்நிறக் குஞ்சின் தலையில் கொத்தியது.

பக்கத்தில் மேய்ந்த கருப்பிக் கோழி பதறியது. "ஏன்டி கொத்துற? அதுவும் உன் சூட்டுல பொரிஞ்சதுதானே!"

"அவ்வளவு அக்கறைன்னா நீயே வெச்சுக்க!"

அன்று மாலை மழை பிடித்தது. நான்கு குஞ்சுகள் வெள்ளச்சியின் சிறகுக்குள் புகுந்தன. ஐந்தாவதும் நனைந்தபடி ஓடி வந்தது. மறுபடியும் கொத்து! குஞ்சு நடுங்கிக்கொண்டே நின்றது. கருப்பிதான் அதைத் தன் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. பாவம், அதற்கு அதுவரை குஞ்சு வளர்த்த பழக்கமே இல்லை.

வாரங்கள் போயின. குஞ்சுகளுக்குப் பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்தது. மஞ்சள் குஞ்சுகளில் ஒன்று செவலை ஆனது. ஒன்று சாம்பல். ஒன்றுக்கு உடம்பெல்லாம் புள்ளி. இன்னொன்று கன்னங்கரேல். வெள்ளை என்று ஒன்றுகூட இல்லை!

"என்ன வெள்ளச்சி, இதுகளையும் துரத்தப்போறியா?" என்று கேட்டது சேவல்.

"எதுக்குத் துரத்தணும்? எந்த நிறமா இருந்தா என்ன, என் பிள்ளைங்கதானே!"

சொல்லி முடித்ததும் வெள்ளச்சிக்குச் சுருக்கென்றது. இந்த வார்த்தையை அந்த மழை நாளில் சொல்லியிருக்கக் கூடாதா!

குப்பையைக் கிளறிக் கொழுத்த புழு ஒன்றை எடுத்தது. "வாடா கண்ணு! அம்மா கூப்பிடுறேன், வா!" என்று மண்நிறக் குஞ்சை அழைத்தது.

குஞ்சு ஆசையாக ஓடி வந்தது. பாதி வழியில் வெள்ளச்சியின் அலகைப் பார்த்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கியது. பிறகு திரும்பி ஓடிக் கருப்பியின் சிறகுக்குள் புகுந்துகொண்டது.

புழு கீழே விழுந்து நெளிந்தது. வெள்ளச்சி அதைத் தின்னவே இல்லை.

நிறம் பார்த்து ஒருவரை ஒதுக்கினால், நம் மனம் மாறும் நாளில் அவர் மனம் நம்மை விட்டுப் போயிருக்கும்.