ஈரக்குடிகளுக்கு நிறம் வந்தது

அந்தக் காலத்தில் யானைக்கும் பேச்சு இருந்தது, எறும்புக்கும் இருந்தது. எறும்பின் கண்ணுக்கே தெரியாத சிற்றுயிர்களும் பேசின. அவற்றுக்கு ஈரக்குடிகள் என்று பெயர். பாறை இடுக்கோ மரப்பொந்தோ, ஈரம் எங்கே இருந்ததோ அங்கே கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. ஆனால் அவற்றுக்கு நிறம் இல்லை. அதனால் யாரும் அவற்றைப் பார்த்ததில்லை.

பாறைக் குன்றான ஒரு கரட்டின் அடியில் மசக்காளும் அவள் கணவன் ஒண்டியப்பனும் குடியிருந்தார்கள். மழை பொய்த்து, கிணற்றுச் சேறும் காய்ந்துபோன ஒரு கோடையில் ஒண்டியப்பன் நா வறண்டு படுத்துவிட்டான். கைக்குழந்தை அத்தாயிக்குக் கொடுக்க மசக்காளுக்குப் பாலும் சுரக்கவில்லை. குழந்தையை அவன் பக்கத்தில் கிடத்திவிட்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கரட்டில் ஏறினாள். பாதி வழியில் கூர்க்கல் குத்தி உள்ளங்கால் கிழிந்தது. நடக்க முடியாமல் ஒரு பாறையில் கன்னத்தைச் சாய்த்தாள். பாறைக்குள் சந்தை இரைச்சல் போல ஏதோ கேட்டது.

“யாரு சாமி உள்ளே?”

“நாங்கள் ஈரக்குடிகள்,” என்றன எண்ணிலடங்காத குரல்கள், ஒரே மூச்சில்.

“ஈரமா? அப்ப இங்க தண்ணி இருக்குதுங்களா?”

“மேலே, பாறையின் வயிற்றில் இருக்கிறது. இங்கிருந்து அதுவரை எங்கள் குடிதான். எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தால் போய்ச் சேரலாம்.”

“கண்ணுக்கே தெரியாத உங்களை எப்படிங்க பார்க்கறது?”

குரல்கள் தமக்குள் முணுமுணுத்தன. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டன. “உன் காலில் வழிகிறதே, அந்த நிறத்தைக் கொஞ்சம் தருவாயா?”

மசக்காள் காலை எடுத்துப் பாறையில் அழுத்தினாள். இரத்தம் பட்ட இடத்திலிருந்து ஒரு வெளிர்சிவப்பு கிளம்பியது. விரல் அகலத்தில் ஊர்ந்தது, மேடேறியது, வளைந்தது. வெறும் கல்லென்று அவள் நினைத்திருந்த கரடு முழுக்க உயிர் இருந்ததை அப்போதுதான் கண்டாள். தாகம் மறந்து, வலி மறந்து, கைகூப்பியபடியே நின்றாள்.

அந்தக் கோடு முடிந்த இடத்தில் கடப்பாரையை இறக்கினாள். பாறை பிளந்து தண்ணீர் பீறிட்டது.

“எங்க உசுரக் காப்பாத்திட்டீங்க,” என்று அழுதாள். “நாங்க தண்ணி பொழங்கற எடத்துல உங்களுக்கும் எடம் உண்டு. இது என் வாக்கு.”

ஒண்டியப்பன் பிழைத்தான். ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, வீட்டோரம் கல் பாவி, தொட்டி கட்டி, கூரை வேய்ந்து ஒரு குளிப்பறை அமைத்தான். ஈரக்குடிகளும் வந்தன. தொட்டி விளிம்பில், தரை மூலையில் இளஞ்சிவப்பாய்ப் படர்ந்தன. மசக்காள் அதைத் தொடாமல் விட்டாள். காலப்போக்கில் சுவரெல்லாம் வழுவழுத்தது.

அத்தாயி ஓடியாடும் வயதில் ஒருநாள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து அந்தக் குளிப்பறைத் தரையில் உட்கார்ந்து விளையாடினாள். புண் சீழ்பிடித்து, ஓரத்தில் அதே இளஞ்சிவப்பு படர்ந்தது. காய்ச்சல் ஏறியது. கூப்பிட்டால் கண்திறக்கவில்லை.

“கொதிக்கக் கொதிக்கத் தண்ணிய ஊத்தி அதுகள அடியோட அழிச்சுப்போடறேன் புள்ள!” என்று எழுந்தான் ஒண்டியப்பன்.

“வேண்டாமுங்க. வாக்குக் குடுத்தவ நான். நான்தான் பேசோணும்.”

அவள் குளிப்பறை மூலையில் போய் நின்றாள். “எம்புள்ள புண்ணுல எதுக்குங்க பூந்தீங்க?”

“புண் என்றால் எங்களுக்குத் தெரியாது, தாயே. ஈரமாக இருந்தது. போனோம்.”

அந்தக் குரலில் பகையும் இல்லை, வருத்தமும் இல்லை.  மசக்காளுக்குக் கடலிடம் போய்க் கணக்குக் கேட்பதுபோல் இருந்தது. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை.

“குடுத்த வாக்க மாத்தமாட்டேன். ஆனா எல்லை போடறேன். ஈரம் நிக்கற எடம் உங்களுது. நாங்க தேச்சுக் கழுவி, துளி ஈரமில்லாமத் தொடச்ச எடம் எங்களுது. சம்மதமா?”

“சம்மதம். நிறத்தைத் திரும்பக் கேட்பாயா?”

“இருக்கட்டும். நீங்க எங்க இருக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியோணுமே.”

மசக்காள் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தாள். கழுவினாள். பழந்துணியால் ஒற்றித் துடைத்தாள். ஒண்டியப்பன் கூரையில் ஒரு பக்கத்தைப் பிரித்துவிட, வெயில் உள்ளே விழுந்தது. ஈரம் குறையக் குறையக் குரல்களும் குறைந்தன.

“நிறம் கிடைத்தபின் எங்களுக்குப் பேச்சு எதற்கு?” என்றது கடைசிக் குரல். அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

புண்ணைக் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கி, அத்தாயி கண்திறந்து கஞ்சி கேட்டாள்.

அன்று முதல்தான், தண்ணீர் தேங்கும் குளியலறை மூலையிலும் வாளி விளிம்பிலும் குழாயடியிலும் இளஞ்சிவப்புக் கறை சத்தமில்லாமல் வந்து உட்காருகிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், துடைத்து உலர்த்தாத இடத்துக்கு மறுபடியும் வந்துவிடுகிறது.