உள்ளறையை இடிச்ச தோலாயி

ஒரு ஊர்ல ஒரு தோலாயி இருந்தா. ஊருன்னா எது தெரியுமா? ஒரு அம்மா வயித்துக்குள்ள பயறு மாதிரி ஒரு பாப்பா வளர்ந்துட்டிருந்துச்சு. அதோட முகத்துத் தோல்தான் ஊரு. அங்க இடிச்சுக்கிட்டு நின்ன குட்டிக் குட்டி செல்லுங்கள்ல ஒருத்திதான் இந்தத் தோலாயி. ம் சொல்லு.

அவ உள்ளறையில ஒரு மேஸ்திரி. மரபணுன்னு பேரு. எந்நேரமும் தூக்கம், கொர்ர்ர்...

அப்புறம் ஒருநாள் மூளைப் பக்கத்துலேருந்து கண்ணாகப் போற ஒரு கிண்ணம் எழும்பி வந்து தோலாயி முதுகுல டொக்குன்னு முட்டுச்சு. மேஸ்திரி விசுக்குன்னு எந்திரிச்சான். "தாயி, பாப்பா கண்ணுக்கு வில்லை வேணும். நீயும் உன் கூட்டாளிகளும்தான் அது ஆகணும். இல்லேன்னா புள்ள அம்மா முகத்தைப் பாக்காது. முதல்ல அந்தக் கிண்ணத்துக் குழியில எறங்கு!"

கையைக் கோத்துக்கிட்டு மெதுவ்வா அமுங்கினாங்க. மூக்குத் தோலாகப் போற வெள்ளச்சி சிரிச்சா. "ஏன்டி, வாசல்ல ஜம்முனு நிக்கறதை விட்டுட்டுக் கிணத்துல எறங்குறே?"

"என் பாப்பாவுக்குடி. நீ போ!"

அப்புறம், "ஊரோட ஒட்டை அறு"ன்னான் மேஸ்திரி. பளக்! உருண்டையாப் பிரிஞ்சு வந்துட்டாங்க.

அப்புறம்தான் மூணாவது உத்தரவு. "நெட்டையா வளரு. கண்ணாடிச் சத்தை நெரப்பு. உனக்குள்ள இருக்கற தட்டுமுட்டையெல்லாம் வெளிய போடு, வெளிச்சம் தடுக்காமப் போவணும்."

அடுப்பைப் போட்டா, டமார். பானையைப் போட்டா, டணார். உள்ளறையை மட்டும் தொடலை. அதனால அவ நடுவுல மோர் கலங்கினாப்ல ஒரு நிழல்.

"இன்னும் என்ன வெச்சிருக்கே?"ன்னான் மேஸ்திரி.

"உன்னைத்தான்."

ம்? முழிச்சிருக்கியா?

மேஸ்திரி சிரிச்சான். "என்னையும் போடு, தாயி."

"நீ போயிட்டா நான் புதுசா எதையும் கட்ட முடியாதே?"

"முடியாதுதான். கட்டின வரைக்கும் போதும். அசலாக் கட்டியிருக்கே."

அப்போ தோலாயி தன் உள்ளறையைத் தானே பொலபொலன்னு இடிச்சா. நிழல் போச்சு.

பத்து மாசம் ஆச்சு. பாப்பா பொறந்து இமையைத் திறந்துச்சு. அம்மா குனிஞ்சா. அந்த முகம், மூக்குத்தியும் வேர்வையுமா, தோலாயி வழியா சர்ருன்னு உள்ள போச்சு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட அவகிட்ட தங்கலை. பாப்பா பாத்துச்சு!

வெள்ளச்சி கூட்டத்தைப் பாத்துத் தோலாயி நெஞ்சை நிமித்தினா. "போங்கடி, இது எங்க வேலை!"

அவ இன்னும் அங்கதான் நிக்கறா, கண்ணு. உன் கண்ணுலயும் ஒருத்தி நிக்கறா, நாள் பூரா வெளிச்சத்துக்கு வழிவிட்டுக்கிட்டு. கதை இவ்வளவுதான். இமையைச் சாத்து, அவளும் ஓயட்டும்.