இரண்டாம் முரசு வராத நாள்

எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. முன்னொரு காலத்தில் அங்கே கோதண்டன் என்றொரு ராஜா இருந்தார். அவருக்குத் திடீர் திடீரென்று ஏதாவது தோன்றும். அதற்குத் தூபம் போட அரண்மனைப் புலவர் மெய்யப்பர் கூடவே இருந்தார். விகடகவி திருமேனியின் பாட்டில் ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். ராஜா தொடையைத் தட்டி ரசிப்பார். புலவருக்கு அதில் ஒரே வயிற்றெரிச்சல்.

"அரசே, சரக்குத் தீர்ந்தவன்தான் சொன்னதையே சொல்வான்" என்றார் புலவர் ஒருநாள்.

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. "இன்றுமுதல் சொன்னதையே மறுபடி சொல்பவர் எவரானாலும் நாடு கடத்தப்படுவார்!"

அந்த நேரம் பார்த்தா ஓடக்காரி செம்பாயி வரவேண்டும்! துடுப்புத் தண்ணீர் புலவரின் பட்டுச் சால்வையில் தெறித்ததற்காக அவள் மகன் காளத்தி ஒரு மாதமாகச் சிறையில் கிடந்தான்.

"எம் மவனை விட்ருங்க சாமி. விட்ருங்க சாமி... விட்ருங்க..."

"மூன்று முறை!" என்று துள்ளினார் புலவர். "கடத்துங்கள் இவளை!"

மகன் சிறைக்குள்ளே, தாய் எல்லைக்கு வெளியே. செம்பாயி அழக்கூட இல்லை. விம்மல் இரண்டாம் முறை வந்தால் அதுவும் குற்றமோ என்று பயந்தாள், பாவம்.

திருமேனி எழுந்தான். "அரசே, நாற்சந்தியில் மும்முறை முரசறைந்து அறிவித்தால்தானே நம் நாட்டில் எதுவும் சட்டம்?"

"இப்போதே அறையட்டும்!" என்றார் ராஜா. எல்லோரும் உப்பரிகைக்கு ஏறினார்கள்.

கீழே நாற்சந்தியில் முரசுக்காரன் வேடியப்பன் முரசடித்து ஆணையை ஒருமுறை சொன்னான். குயவன் பானை தட்டிக்கொண்டே இருந்தான். மோர்க்காரி பேரம் பேசிக்கொண்டே இருந்தாள். வேடியப்பன் மறுபடி கோலை ஓங்கினான்.

"வேடியப்பா, பார்த்து!" என்று மேலிருந்து கத்தினான் திருமேனி. "செம்பாயிக்கு உண்டான தண்டனை உனக்கும்தான். மறுபடி சொன்னால் நாடு கடத்தல். சொல்லாவிட்டால் சட்டமே இல்லை!"

ஓங்கிய கோல் அப்படியே நின்றது. இரண்டாம் முரசு வராத நாளை அந்த ஊர் கண்டதே இல்லை. பேரம் நின்றது, பானைத் தட்டல் நின்றது. கடைவீதி முழுக்க அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தது. ராஜா கீழே எட்டிப் பார்த்தார்.

"முதல்முறை சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லையே, திருமேனி!"

"செம்பாயி முதல்முறை கேட்டபோது தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அரசே?"

ராஜா யோசித்தார். "மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். மறுபடி சொன்னபோது, யாரோ பேசுகிறார்கள் என்று பட்டது. மூன்றாவதில்தான்..." அவர் குரல் தாழ்ந்தது. "அவள் முகத்தைப் பார்த்தேன். அதே சொல்தான், ஆனால் எவ்வளவு கனம்!"

அவர் கைப்பிடிச்சுவரைப் பற்றிக்கொண்டு வேடியப்பனைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "காளத்தியை விடுங்கள். காளத்தியை விடுங்கள். காளத்தியை விடுங்கள்!"

ஒவ்வொரு முறைக்கும் முரசு முழங்கியது. செம்பாயி தேம்பித் தேம்பி அழுதாள். எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை.

"அரசரை எந்த எல்லையில் கொண்டுபோய் விடலாம், புலவரே?" என்றான் திருமேனி. ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அந்த மோதிரத்தையே கழற்றி அவனுக்குக் கொடுத்தார். நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.

"ஒருமுறை கொடுத்தால் சட்டமாகாதே, அரசே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தபடி இன்னொரு மோதிரத்தைக் கழற்றினார். மூன்றாவதாக, மெய்யப்பரின் தோளிலிருந்த பட்டுச் சால்வையை உருவி அவன் கையில் போட்டார். திருமேனி அதைச் செம்பாயியிடம் நீட்டினான், ஓடம் துடைக்க ஆகுமே என்று.