க்ளாஸிச் சுவர்

புதுப் பங்களாவின் சுவரெல்லாம் 'க்ளாஸி'யாக இருக்க வேண்டும் என்று துரை எழுதியிருந்தார்.

"இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று சிற்றாள் குருவம்மாவை அதட்டினார், இங்கிலீஷில் புலி என்று பெயரெடுத்த மேனேஜர்.

"அப்படின்னா என்ன சாமி?"

"அர்த்தம் உனக்கெதுக்கு?"

குருவம்மா ஒரு சுவரில் வெறும் சுண்ணாம்பு பூசினாள். எதிர்ச்சுவரில் முட்டை வெள்ளை கலந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, வாசல் குளத்தில் தெரிந்த மேகங்கள் சுவருக்குள் மெல்ல நீந்தின.

"எது க்ளாஸி சாமி? அதுமாதிரியே மத்ததையும் முடிச்சிடுறேன்."

மேனேஜர் சொரசொரத்த சுவரைத் தட்டினார். "இதுதான்! எவ்வளவு கெட்டி பாரு!"

அப்போது உள்ளே வந்த துரை, எதிர்ச்சுவரில் முகம் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தார். "ஆகா, க்ளாஸி! என்ன பளபளப்பு!"

அவர் தோளுக்குப் பின்னால், மிதக்கும் மேகங்களுக்கு நடுவே, மேனேஜரின் வெளிறிய முகம் வெகு தெளிவாகத் தெரிந்தது.