சடையன் மிச்சம் பிடித்த இரண்டு கதிர்

குளக்கரையில் ஒரு வளை. அதில் சடையன் என்ற வயல் எலியும் அவன் மனைவி வெள்ளச்சியும் குடியிருந்தார்கள். வாசல் பக்கத்து மூலையில் குஞ்சரம் என்ற மூஞ்சூறும் தங்கியிருந்தாள். அவள் பொந்தில் வெள்ளம் புகுந்துவிட்டதால் வெள்ளச்சிதான் கூப்பிட்டு இடம் கொடுத்தாள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. வயலெல்லாம் தண்ணீர். இனி நாற்பது நாளைக்கு ஒரு நெல்மணி வெளியே கிடைக்காது. ஆனால் சடையன் கவலைப்படவில்லை. குறுவை அறுப்பின்போதே நூறு கதிர் இழுத்துவந்து அடுக்கியிருந்தான்.

"நாளுக்கு ரெண்டு கதிர். நாற்பது நாளுக்கு எண்பது. குட்டி பிறந்தா உனக்குக் கூடுதலா இருபது. போதுமா, வெள்ளச்சி?" என்றான்.

"போதுங்க!" என்றாள் வெள்ளச்சி. அவளுக்கு வயிறு கனத்திருந்தது. மழை முடியும் முன்பே பிரசவம்.

சடையன் கெட்டிக்காரன். மருத மரத்தடிச் சந்தையில் அவனைக் கண்டாலே கடைக்காரர்கள் சரக்கை மூடுவார்கள். ஒருநாள் அணிலிடம் இலவம்பஞ்சு கேட்டான்.

"அஞ்சு கதிர்," என்றது அணில்.

"அஞ்சா! பஞ்சு விக்கிறியா, பட்டு விக்கிறியா? ரெண்டு!"

"அநியாயம் பண்ணாதே, சடையா! நாலு."

"ரெண்டரை. இல்லேன்னா நான் வேற மரத்துக்குப் போறேன்!"

கத்திக் கத்தி, இரண்டு முறை போவதுபோல் போய்த் திரும்பி, மூன்றுக்கு முடித்தான். இரண்டு கதிர் மிச்சம்! வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

வழியில் கிளி கோவைப்பழம் வைத்திருந்தது. 'ரெண்டு கதிர் மிச்சம் பிடிச்சிருக்கோம். ஒரு பழம் தின்னா என்ன?' ஒரு கதிர் கொடுத்துத் தின்றான். வாய்க்காலில் ஆமை படகுபோல மிதந்தது. 'மிச்சம்தான் இருக்கே!' ஒரு கதிர் கொடுத்து அதன் முதுகில் ஏறிக் கரை சேர்ந்தான். கரையில் மைனா பாடியது. 'பாவம், நனைஞ்சுக்கிட்டே பாடுது. மிச்சத்திலே கொடுப்போம்!' இன்னொரு கதிர் போயிற்று.

வீட்டுக்கு வந்து, "வெள்ளச்சி! இன்னிக்கு ரெண்டு கதிர் மிச்சம் பண்ணினேன்!" என்றான். பஞ்சு மெத்தென்றிருந்தது. வெள்ளச்சிக்குச் சந்தோஷம்.

இப்படியே பதினைந்து நாள் கழிந்தது. ஒருநாள் வெள்ளச்சி கதிர்களை எண்ணிப் பார்த்தாள். முப்பது தின்றிருக்கிறோம், எழுபது இருக்க வேண்டும். இருந்தது நாற்பத்து நாலு!

"இருபத்தாறு கதிரைக் காணோங்க!"

சடையனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மீசை துடித்தது. நேரே வாசல் மூலைக்குப் போனான்.

"ஏய், குஞ்சரம்! இடம் கொடுத்த வீட்டிலேயே திருடுவியா?"

குஞ்சரம் நீண்ட மூக்கை நிமிர்த்திப் பார்த்தாள். "என்னையா சொல்றே, அண்ணே? நான் புழு பூச்சி தின்கிறவ. உன் நெல்லை வாயிலே வெச்சா எனக்கு விக்கல்தான் வரும்!"

"தின்னமாட்டே. வித்திருப்பே!"

குஞ்சரம் தன் சருகுப் படுக்கையைச் சுருட்டினாள்.

வெள்ளச்சி பதறினாள். "என்னங்க இது! அவ வாடைக்குத்தான் இந்த வளைப் பக்கம் பாம்பு அண்டாம இருக்கு. நாளைக்குக் குட்டி பிறந்தா நான் யாரை நம்பிப் படுப்பேன்?"

"திருடியை நம்பிப் படுப்பியா?"

"திருடினதைப் பார்த்தீங்களா?"

சடையன் பார்க்கவில்லையே!

"அப்போ ஒண்ணு செய்வோம்," என்றாள் வெள்ளச்சி. "அஞ்சு நாள். நாம தின்கிற கதிருக்கு ஒரு காம்பை ஒடிச்சு இடது சுவரிலே குத்துவோம். வெளியே போற கதிருக்கு வலது சுவரிலே குத்துவோம். காம்பு குத்தாம எந்தக் கதிர் குறையுதோ, அதுதான் திருட்டு!"

"சரி! நானே காவல் இருக்கேன்!" என்றான் சடையன்.

"நான் உள்ளே இருந்தா சந்தேகம் தீராது, மதினி," என்றாள் குஞ்சரம். "பழி போகட்டும், அப்புறம் வர்றேன்." வெளியே போய் ஒரு சேம்பு இலைக்கடியில் உட்கார்ந்துகொண்டாள். மழை கொட்டியது. அப்போதும் அவள் முகம் வளை வாசலைப் பார்த்தபடியே இருந்தது. பாம்பு வரலாம் அல்லவா!

முதல் நாள் சடையன் சந்தைக்குக் கிளம்பினான். இரண்டு கதிரைத் தூக்கினான்.

"காம்பு?" என்றாள் வெள்ளச்சி.

"அட, இது போன வாரம் பேரத்திலே மிச்சம் பிடிச்சது. இது கணக்கிலே வராது!"

"மிச்சமோ மீதியோ, வாசலைத் தாண்டினா காம்பு!"

முணுமுணுத்துக்கொண்டே இரண்டு காம்பைக் குத்தினான். மறுநாள் கிளிக்கு ஒன்று. அதற்கு மறுநாள் ஆமைக்கு ஒன்று, மைனாவுக்கு ஒன்று. நாலாம் நாள் தவளையிடம் மழைச் செய்தி கேட்க ஒன்று. திரும்பி வருகையில் பழத்துக்கு ஒன்று கடன் சொல்லி, உடனே எடுத்துப்போய்க் கொடுத்தான். ஐந்தாம் நாள் அணிலிடம் இன்னும் கொஞ்சம் பஞ்சு, இரண்டு கதிர்.

மற்ற நேரமெல்லாம் கண் கொட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு ஈ கூட உள்ளே வரவில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளச்சி கதிரை எண்ணினாள். இருபத்தைந்து. பிறகு சுவரைப் பார்த்தாள். இடது சுவரில் பத்துக் காம்பு. வலது சுவரில் ஒன்பது. கூட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஒரு கதிர்கூடக் காம்பில்லாமல் குறையவில்லை.

"வலது பக்கத்துக் காம்பையெல்லாம் ஒடிச்சது யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சடையன் ஒவ்வொரு காம்பாகப் பார்த்தான். ஒன்பதிலும் அவன் பல் தடம். அணிலிடம் தொண்டை வற்றக் கத்தி இரண்டு கதிர் மிச்சம் பிடித்தோம். அந்த இரண்டையே எத்தனை தடவை செலவழித்தோம்! அவன் வால் தானாகத் தாழ்ந்தது.

வெளியே எட்டிப் பார்த்தான். சேம்பு இலை கிழிந்து தொங்கியது. குஞ்சரம் நனைந்த பஞ்சுபோலச் சுருங்கிக் கிடந்தாள். தும்மினாள்.

சந்தையையே அதிரவைக்கிற குரலைத் தாழ்த்தி, சடையன் கூப்பிட்டான்.

"குஞ்சரம்... மழை பெய்யுது. உள்ளே வாம்மா."

"திருடி உள்ளே வரலாமா, அண்ணே?"

"திருடன் உள்ளேதான் இருக்கான். உன் அண்ணன்தான். நீ என்ன கேட்டாலும் தர்றேன், வா."

குஞ்சரம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கேட்கட்டுமா? பிறக்கப்போற குட்டிகள்லே ஒண்ணாவது என்னை அத்தைன்னு கூப்பிடணும்."

"ஒண்ணு என்ன ஒண்ணு! அத்தனையும் கூப்பிடும்!"

குஞ்சரம் சிரித்துவிட்டாள். "என்ன அண்ணே, நான் கேட்டதுக்கு மேலே ஏத்திட்டே! இப்படியா பேரம் பேசுவாங்க?"

வெள்ளச்சி தன் பஞ்சில் பாதியைப் பிய்த்து அவள் முதுகைத் துவட்டினாள். சடையன் சருகுப் படுக்கையைத் தானே சுமந்து வந்து, காற்றுப் படாத உள் மூலையில் விரித்தான்.

இன்னும் இருபது நாள் இருந்தது. இருபத்தைந்து கதிர்தான் இருந்தது. அத்தனையும் வெள்ளச்சிக்கு என்று சொல்லிவிட்டான் சடையன். அவன் தினமும் குளத்துச் சேற்றில் இறங்கி அல்லிக்கிழங்கு தோண்டித் தின்றான். அது கசந்தது. "எப்படிங்க இருக்கு?" என்று வெள்ளச்சி கேட்டால், "கோவைப்பழம் தோத்துச்சு, போ!" என்பான். கிளி கூப்பிடும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடப்பான். வாய்க்காலை நீந்தியே கடந்தான். வலது சுவரில் புதிதாக ஒரு காம்பும் ஏறவில்லை.

கார்த்திகை பிறந்து சில நாளில் ஒரு விடியற்காலை, ஆறு குட்டிகள் பிறந்தன. வெள்ளச்சி பஞ்சு மெத்தையில் களைத்துக் கிடந்தாள். அவளுக்குப் பால் சுரக்கிற அளவுக்கு வளையில் கதிர் இருந்தது. குஞ்சரம் வாசலை அடைத்துப் படுத்திருந்தாள். சடையன் இளைத்துப்போய், குட்டிகளைத் தொடப் பயந்து தள்ளியே நின்றான்.

"கிட்டே வா, அண்ணே," என்றாள் குஞ்சரம். "உன் பிள்ளைங்கதான்!"

கையை விட்டுப் போகும் சிறு செலவை அன்றன்றே குறித்து வைக்காதவன், தன் கை கரைத்ததற்கு அடுத்தவர்மேல் பழி போடுவான்.