ராஜாவின் கொடியும் கச்சான் காற்றும்

ஆழிமங்கலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆனி பிறந்ததும் ராஜா கடற்கரையில் நின்று கொடியசைப்பார். மேற்கிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் காற்று வீசத் தொடங்கும். காற்றே தமக்கு வேலைக்காரன் என்று ராஜா நம்பிவிட்டார்.

சில வருடங்களாகக் கச்சான் பேருக்குத்தான் வந்தது. கடல், காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுட்டது. மீன்கள் காணாமல் போயின. அலைகள் ஓசையே இல்லாமல் கரையைத் தடவிவிட்டுத் திரும்பின.

"காத்து வீசாம கடல் எப்படி ஆறும்?" என்று அரண்மனை விசிறிக்காரி பூரணி முணுமுணுத்தது ராஜா காதில் விழுந்தது.

"அப்படியா? நீயே விசிறி ஆற வை. பொழுது சாயறதுக்குள்ள ஆறலைன்னா கல்லைக் கட்டி அதுலயே இறக்கிடுவேன்."

ஊரே கரையில் கூடியது. காவலர்கள் கல்லோடு நின்றார்கள். பூரணி கும்பிட்டாள்.

"மகாராஜா, என் கை சின்னது. உங்க வேலைக்காரனை ஒத்தாசைக்கு அனுப்புங்க."

"எவனை?"

"காத்தைத்தான். கொடியசைச்சா ஓடி வருவானே!"

ஊர் மொத்தமும் ராஜாவைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கொடியை அசைத்தார். ஓர் ஓலைகூட ஆடவில்லை. அசைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை கண்ணை மறைத்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"விசிறுடி," என்றார் மூச்சு வாங்க.

"யாருக்கு மகாராஜா? கடலுக்கா, உங்களுக்கா?"

ராஜா கொடியை மணலில் ஊன்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். காவலர்களும் கல்லைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்கள். அரண்மனைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அப்புறம்தான், பிடிக்க ஆளில்லாத அந்தக் கொடி கடல் பக்கமாக மெல்ல அசைந்தது.

பூரணி விசிறியைக் கீழே வைத்தாள்.