அருவிக்குக் கிளம்பிய இருவாச்சிகள்

மலைக்காட்டில் ஒரு பெரிய மருத மரம். அதன் பொந்திலிருந்து வடிவு என்ற இருவாச்சி வெளியே வந்து சில நாட்களே ஆகியிருந்தன.

இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலம் வந்ததும் தாய்ப்பறவை பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி மட்டும் இருக்கும். தகப்பன் பறவை காடெல்லாம் அலைந்து பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும்வரை இருவருக்கும் இதே வேலைதான்.

இப்போது வாசல் திறந்துவிட்டது. தும்பி, குறுணி என்ற இரண்டு குஞ்சுகளும் வெளியே வந்துவிட்டன. ஓய்வு மட்டும் வரவில்லை.

"அம்மா, தும்பி என் கிளையில உட்கார்றான்!"

"அம்மா, குறுணி என் பழத்தைக் கொத்திட்டா!"

"அம்மா! அம்மா! அம்மா!"

ஒரு மாலை, தகப்பன் செம்மூக்கன் பழங்களோடு வந்து இறங்கினான். வடிவு கிளையில் உட்கார்ந்து எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குஞ்சு அவள் முதுகில் ஏறி நின்றது. இன்னொன்று வாலைப் பிடித்து இழுத்தது. அவள் அசையவே இல்லை.

'பாவம்! இத்தனை மாசமா இருட்டுல அடைஞ்சு கிடந்தா. நாலு இடம் பார்க்க ஏங்குறா போல' என்று செம்மூக்கன் நினைத்தான்.

உண்மையில் அவனுக்கும் சிறகெல்லாம் வலித்தது. படுத்த இடத்தில் தூங்கிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் அவன் பக்கத்து மரத்து மலையணில் வாலழகியிடம் போய் யோசனை கேட்டான்.

வாலழகிக்கு ஒரே சந்தோஷம். "ரெண்டு நாள் போதும் தம்பி! காலையில மொட்டைப்பாறை. அங்கிருந்து மூங்கில் காடு. மத்தியானம் பள்ளத்தாக்கைத் தாண்டினா அருவி! ராத்திரி அங்கேயே தங்கிட்டு மறுநாள் யானை மடு, நாவல் தோப்பு, எல்லாம் பார்த்துட்டுத் திரும்பிடலாம்!"

"நீங்க போயிருக்கீங்களா அக்கா?"

"நான் எங்கே போனேன்? கிளிகள் சொல்லக் கேட்டதுதான். ஒரு இடத்தையும் விட்டுடாதே! குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு இன்னொரு தடவை எங்கே போகப்போறீங்க?"

செம்மூக்கன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டான்.

வடிவு தன் சிறகுகளைப் பார்த்தாள். பொந்துக்குள் இருந்தபோது அவளுடைய பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைத்திருந்தன. அவை இன்னும் முழுதாக வளரவில்லை. ஆனால் அவள் கணவனைப் பார்த்தாள். 'எங்களுக்காக ஓடா உழைச்ச மனுஷன். ஆசையா வந்து சொல்றார். மாட்டேன்னு எப்படிச் சொல்ல?' என்று நினைத்தாள்.

"போகலாங்க" என்றாள்.

விடிந்ததும் கிளம்புவதாகத்தான் திட்டம். தும்பி பழம் சாப்பிட்டு முடிப்பதற்குள் குறுணிக்கு மறுபடி பசித்தது. குறுணிக்கு ஊட்டி முடிப்பதற்குள் தும்பியைக் காணவில்லை. தேடிப் பிடித்துக் கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது.

மொட்டைப்பாறையில் இறங்கினார்கள்.

"பார்த்தாச்சா? கிளம்புங்க, கிளம்புங்க!" என்றான் செம்மூக்கன்.

"அப்பா, இங்கே ஒரு ஓணான்!" என்றான் தும்பி.

"ஓணான் நம்ம வீட்டுலயும் இருக்கு. வா!"

மூங்கில் காட்டில் குறுணி அழுதாள். அவள் ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வடிவு அவளைத் தேற்றிக்கொண்டே பறந்தாள். செம்மூக்கன் முன்னால் போய்க்கொண்டு, "இன்னும் கொஞ்ச தூரம்தான்! அருவியைப் பார்த்தா அசந்துடுவீங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தான். அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது.

பள்ளத்தாக்கு வந்தது. கீழே பார்த்தால் அடியே தெரியாத பள்ளம். ஒரு பக்கச் சரிவில் நின்ற அத்தி மரத்தை விட்டால், உட்கார இடமே இல்லாத வெட்டவெளி.

பாதி தூரம் போனதும் குறுணியின் சிறகுகள் தளர்ந்தன. "அம்மா, என்னால முடியலை!" என்றாள். ஒவ்வொரு அடிப்புக்கும் கொஞ்சம் கீழே இறங்கினாள். வடிவு அவளுக்குப் பக்கத்தில் போக முயன்றாள். அவளுடைய சிறகுகளும் ஒத்துழைக்கவில்லை.

அப்போது மேலே ஒரு நிழல் வட்டமிட்டது. ராஜாளி!

"ஏங்க! திரும்புங்க! குறுணி!" என்று வடிவு அலறினாள்.

செம்மூக்கன் திரும்பினான். களைப்பெல்லாம் எங்கே போனதோ, அம்பு போல் வந்தான். ராஜாளி சிறகை மடக்கிக் குறுணியை நோக்கிப் பாய்ந்தது. செம்மூக்கன் குறுக்கே விழுந்தான். ராஜாளியின் நகங்களில் அவன் வால் இறகுகள் இரண்டு சிக்கிக்கொண்டன. அந்த இடைவெளியில் வடிவு குஞ்சுகளைச் சரிவில் நின்ற அந்த அத்தி மரத்துக்குள் தள்ளிக்கொண்டு புகுந்தாள். செம்மூக்கனும் பின்னாலேயே வந்து விழுந்தான்.

நால்வரும் அடர்ந்த இலைகளுக்குள் மூச்சு விடாமல் ஒடுங்கிக் கிடந்தார்கள். ராஜாளி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் சலித்துப்போய் விலகியது.

பிறகு வடிவு மெல்லக் கேட்டாள்.

"யாருக்காகங்க இந்தப் பயணம்?"

"உனக்காகத்தான்!"

"எனக்காகவா? நான் கேட்டேனா?"

"கேக்கணுமா? மாசக்கணக்கா ஒரே பொந்துல அடைஞ்சு கிடந்தியே! ஊர் பார்க்க ஆசை இருக்காதா?"

வடிவு அவன் பக்கம் திரும்பினாள். "அடைஞ்சு கிடந்தேன், வாஸ்தவம்தான். ஆனா அங்கே நான் ஒரு நிமிஷம்கூடத் தனியா இல்லை. எந்நேரமும் வயித்துக்கடியில ஒண்ணு, கழுத்து மேல ஒண்ணு. எனக்கு அருவி வேண்டாம். யாரும் மேலே ஏறாம ஒரு கிளையில கொஞ்ச நேரம் சும்மா உட்காரணும். அவ்வளவுதான்!"

"அப்போ ஏன் வர்றேன்னு சொன்னே?"

"நீங்க ஆசைப்படுறீங்கன்னு நினைச்சேன்!"

செம்மூக்கன் தலையைக் குனிந்துகொண்டான். "நானா? எனக்குச் சிறகைத் தூக்கவே முடியலை வடிவு. எந்த மரத்தைப் பார்த்தாலும், இதுல பழம் இருக்கா, இங்கேருந்து வீடு எவ்வளவு தூரம்னுதான் தோணுது. அருவியைப் பார்த்தாலும் அதேதான் தோணியிருக்கும்."

தும்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ அருவி கிடையாதா?"

"கிடையாதுப்பா" என்றாள் வடிவு.

தும்பி கொஞ்சம் யோசித்தான். "எனக்குக் கோபம் கோபமா வருது" என்றான். அப்புறம், "பசியும் வருது" என்றான்.

அத்தி மரம் நிறையப் பழம் இருந்தது. இரண்டு நாளும் அங்கேயே தங்கிவிடுவதென்று முடிவானது.

"நீ அந்தப் பக்கத்துக் கிளைக்குப் போ. இவங்களை நான் பார்த்துக்கறேன்" என்றான் செம்மூக்கன்.

வடிவு போனாள். உடனே இரண்டு குஞ்சுகளும் தகப்பன் மேல் ஏறின. ஒன்று அவன் அலகைக் கொத்தியது. இன்னொன்று வால் இறகு போன இடத்தில் குத்திப் பார்த்து, "வலிக்குதா அப்பா? இப்போ வலிக்குதா? இப்போ?" என்று கேட்டது. கண்ணை மூடினால் இமையைப் பிடித்து இழுத்தன. பொழுது நகரவே மாட்டேன் என்றது. 'பொந்துக்குள்ள இப்படித்தான் இருந்தாளா!' என்று செம்மூக்கன் நினைத்தான். பலமுறை வடிவைக் கூப்பிட வாயைத் திறந்தான். ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் தானாகவே வந்தாள்.

"என்ன பார்த்தே அங்கே?"

"ஒண்ணும் பார்க்கலை" என்றாள் வடிவு. அவள் குரல் பழையபடி லேசாக இருந்தது.

மறுநாள் காலை குஞ்சுகளை வடிவு தன் கிளைக்கு அழைத்துக்கொண்டாள். செம்மூக்கன் தலையைச் சிறகுக்குள் புதைத்துத் தூங்கினான். வெயில் உச்சிக்கு வந்தும் எழவில்லை. குறுணி அவனை எழுப்பப் போனாள். வடிவு அவளைத் தடுத்து, அத்திப் பழம் ஒன்றைப் பறித்து அவள் வாயில் வைத்தாள்.

சட்டென்று செம்மூக்கன் விழித்தான். "ஐயோ, நேரமாயிடுச்சா? பழம் கொண்டு வரணுமே!"

"ஒண்ணும் வேண்டாம். இங்கேயே இருக்கு. தூங்குங்க" என்றாள் வடிவு.

அவன் மறுபடி தூங்கிப்போனான்.

களைத்தவர்களை எங்கே அழைத்துப் போகலாம் என்று ஊரைக் கேட்பதற்கு முன், எதனால் களைத்தீர்கள் என்று அவர்களையே கேட்க வேண்டும்.